உறுமுற நாயை அடிக்காதீங்க

டிஸ்கி: நாய் பிடிக்காதவங்களும் இந்தப் பதிவைப் படிக்கலாம். சொல்லப்போனா அவங்கதான் முக்கியமா படிக்கணும். "எல்லாரும் நாய் வளருங்க"ன்னு பிரசாரம் பண்ணப் போறதில்ல, பயப்படாதீங்க :-)

நம்ம ஊர்ல நாய் வளர்க்கிற பல பேர்கிட்ட நாலு வசனம் எப்பவும் ரெடியா இருக்கும். கவனிச்சுப் பாருங்க.

"வாலை ஆட்டுது பாருங்க சார், ஒண்ணும் பண்ணாது."

"தப்பு பண்ணிட்டு மூஞ்சிய எப்படி வெச்சிருக்கு பாருங்க."

"நாமதான் தலைவன்னு காட்டணும். இல்லேன்னா தலைமேல ஏறிடும்."

"உறுமுதா? ரெண்டு போடுங்க, அடங்கிடும்."

இந்த நாலுமே தப்பு என்பதுதான் இந்தப் பதிவு. முதல் மூணும் நாயை நாம எவ்வளவு தப்பாப் படிக்கிறோம்னு காட்டுது. நாலாவது ஆபத்து. அதனால அதுலயே ஆரம்பிக்கிறேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது மாடியில ஒரு அங்கிள். ரிட்டயர் ஆனவர். எட்டு வயசு லேப்ரடார் வெச்சிருக்கார். அவரோட பேத்திக்கு நாலு வயசு, லீவுக்கு வந்தா நாயை விட்டு இறங்காது. யானை சவாரிதான். ஒரு நாள் அந்தக் குழந்தை பின்பக்கமா சாஞ்சு கட்டிப்பிடிச்சப்ப நாய் உறுமியிருக்கு. அங்கிள் பேப்பரைச் சுருட்டி மூக்கு மேலயே ரெண்டு வெச்சார். அடுத்த நாளும் உறுமல், அடுத்த நாளும் அடி. நாலஞ்சு நாள்ல உறுமல் நின்னுபோச்சு. "பார்த்தீங்களா தம்பி, அதட்டி வெச்சா எல்லாம் சரியாயிடும்"னு லிஃப்ட்ல என்கிட்ட பெருமையாச் சொன்னார்.

அடுத்த லீவுல அந்த நாய் குழந்தை கையைக் கடிச்சுடுச்சு. உறுமல் இல்ல, எதுவும் இல்ல. நேரா கடி. நல்லவேளை, பெரிய காயம் இல்ல. உடனே தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரி, ஊசின்னு எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. அசோசியேஷன் மீட்டிங்ல ஆளாளுக்கு "அது புத்தி மாறிடுச்சு, எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க"ன்னு சொன்னாங்க. அங்கிளும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கே வந்துட்டார். எதுக்கும் ஒருதடவை காமிச்சுடலாமேன்னு கால்நடை டாக்டர்கிட்ட போனப்பதான் விஷயம் தெரிஞ்சுது. எக்ஸ்ரேல இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சு கிடக்கு. லேப்ரடார்ல இது ரொம்ப சாதாரணம். குழந்தை சாஞ்சது சரியா அந்த இடத்துல.

இப்ப யோசிங்க. அந்த நாய் பண்ணினது என்ன? "வலிக்குது, தள்ளிப் போ"ன்னு தன்னோட பாஷையில மரியாதையாச் சொல்லுச்சு. நாம அடிச்சோம். மறுபடி சொல்லுச்சு. மறுபடி அடிச்சோம். சொன்னா அடி விழும்னு கத்துக்கிட்டு, சொல்றதை நிறுத்திடுச்சு. வலி மட்டும் நிக்கல.

பொட்டி தட்டுற நமக்குப் புரியுற மாதிரி சொன்னா, ப்ரொடக்ஷன்ல லாக் ஃபைல் முழுக்க வார்னிங்கா வருது. ஏன் வருதுன்னு பார்க்காம, அந்த வார்னிங்கை பிரிண்ட் பண்ற வரியை மட்டும் கமெண்ட் பண்ணிடறோம். லாக் சுத்தமா இருக்கு. டேமேஜர் சந்தோஷமா இருக்கார். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் மொத்தமாப் படுக்கும். "எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சுடுச்சு"ன்னு சொல்றதுல பாதி கதை இதுதான்.

உண்மையில உறுமல்ங்கிறதே ரொம்பத் தாமதமா வர்ற எச்சரிக்கை. கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஒரு ஏணியா வரைஞ்சு காட்டியிருக்கார். கீழ்ப்படியில கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்கிக்கிறது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிறது. உடம்பையே திருப்பிக்கிறது. எழுந்து நகர்ந்து போறது. காதைப் பின்னுக்கு மடக்கிப் பதுங்குறது. வாலைக் காலுக்கு நடுவுல சொருகிக்கிறது. அப்புறம் உடம்பு அப்படியே விறைச்சு, வெறிச்சுப் பார்க்கும். இவ்வளவுக்கும் மேலதான் உறுமல். அதுக்கு மேல காத்துல கவ்வுறது, கடைசிப் படி கடி. எல்லா நாயும் ஒவ்வொரு படியா ஏறும்னு அர்த்தமில்ல. கீழ்ப்படியில சொன்னது யார் காதுலயும் விழலைன்னா மேல ஏறும். மேல்படிதான் வேலைக்கு ஆகுதுன்னு கத்துக்கிட்டா, அடுத்த தடவை கீழ்ப்படியைத் தாண்டி நேரா மேல போயிடும்.

யூட்யூப்ல குழந்தை நாயைக் கட்டிப்பிடிக்கிற "ச்சோ ச்வீட்" வீடியோ ஏதாவது ஒண்ணைச் சத்தத்தை நிறுத்திட்டு, நாயை மட்டும் பாருங்க. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, ஓரக்கண்ணுல வெள்ளை தெரியப் பார்த்துக்கிட்டு, மூக்கை நக்கிக்கிட்டு இருக்கும். ரொம்ப வீடியோவுல இதைப் பார்க்கலாம். பார்க்கப் பழகிட்டா அப்புறம் அந்த வீடியோவை ரசிக்க முடியாது, அதுக்கு நான் பொறுப்பில்ல.

சரி, மத்த மூணு வசனத்துக்கு வருவோம்.

1. வாலை ஆட்டினா சந்தோஷமா?

வாலாட்டுறது "நான் பரபரப்பா இருக்கேன்"னு மட்டும்தான் சொல்லுது. அது சந்தோஷமாவும் இருக்கலாம், கோபமாவும் இருக்கலாம். இத்தாலியில பாரி பல்கலைக்கழக ஆட்கள் 30 நாய்களை வெச்சுப் பண்ணின ஒரு ஆய்வு 2007-ல வந்துச்சு. எஜமானைப் பார்த்தப்ப வால் நாயோட வலதுபக்கம் அதிகமாச் சாய்ஞ்சு ஆடுச்சு. அறிமுகமில்லாத, மிரட்டலான இன்னொரு நாயைப் பார்த்தப்ப இடதுபக்கம் சாய்ஞ்சுது. இதைத் தெருவுல நின்னு அளந்து பார்க்கச் சொல்லல. உடம்பு மொத்தமா லூசா, இடுப்போட சேர்ந்து ஆடுதா, இல்ல உடம்பு கல்லு மாதிரி நின்னு வால் மட்டும் விறைப்பா மேல நின்னு ஆடுதான்னு பார்த்தாப் போதும். ரெண்டாவதுன்னா கையை நீட்டாதீங்க.

2. குற்ற உணர்ச்சி மூஞ்சி

செருப்பைக் கடிச்சுட்டு, காதைத் தொங்கப்போட்டு, தலையைக் குனிஞ்சு ஒரு பார்வை பார்க்குமே, அது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது. 14 நாய்ங்க. எஜமான் "இந்தத் தீனியைத் தொடாதே"ன்னு சொல்லிட்டு வெளிய போகணும். சில தடவை நாய் தின்னும், சில தடவை தின்னாது. திரும்பி வர்றவர்கிட்ட உண்மையை மாத்தி மாத்திச் சொன்னாங்க. முடிவு என்னன்னா, அந்த "குற்ற மூஞ்சி" வந்தது நாய் தப்பு பண்ணினதால இல்ல, எஜமான் திட்டினதால. ஒண்ணுமே பண்ணாத நாயைத் திட்டினப்ப அந்த மூஞ்சி இன்னும் அதிகமா வந்துச்சு. ஆக அது குற்ற உணர்ச்சி இல்ல. உங்க முகத்தைப் பார்த்து வர்ற பயம். சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்து, மத்தியானம் கடிச்ச செருப்புக்காக அடிச்சா, நாய் கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "இந்தாளு வீட்டுக்கு வந்தா அடிப்பான்."

3. நாமதான் தலைவன்

இந்த "ஆல்ஃபா" கதை எங்கேருந்து வந்துச்சுன்னு தேடினா சுவாரஸ்யமா இருக்கும். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்துல பாஸல் மிருகக்காட்சி சாலையில கூண்டுல அடைச்சிருந்த ஓநாய்களைக் கவனிச்சு 1947-ல எழுதினார். சின்ன இடத்துல அடைஞ்சு கிடந்த ஓநாய்ங்க, பதவிக்கு அடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர் 1970-ல எழுதின புத்தகம் இந்தக் கருத்தை உலகம் பூரா பரப்புச்சு. அதே மெக், கனடாவுல எல்ஸ்மியர் தீவுல பல வருஷம் காட்டு ஓநாய்ங்களைப் பக்கத்துல இருந்து பார்த்துட்டு, 1999-ல "அப்படி இல்லீங்க"ன்னு எழுதினார். காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கிறது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைங்க. அப்பா அம்மா சண்டை போட்டா தலைவரானாங்க? தன்னோட பழைய புத்தகத்தை அச்சடிக்கிறதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தைப் பல வருஷம் அவரே கேட்டுக்கிட்டு இருந்தார். 2022-ல தான் ஒருவழியா நின்னுச்சு.

சொன்ன ஆளே வாபஸ் வாங்கிட்டார். நம்மாளுங்க மட்டும் இன்னும் நாயை மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அமுக்கிக்கிட்டு இருக்காங்க. அதுவும் அது ஓநாய்க்குச் சொன்னது, நாய்க்கு இல்ல.

இதுவரைக்கும் பொதுவாப் பேசிட்டேன். என்னோட முக்கியமான மேட்டரே இனிமேதான். "நாய்"னு பொதுவா ஒண்ணு கிடையாது. இந்த நாய், அந்த நாய்தான் இருக்கு.

"லேப்ரடார்னா சாது", "ராஜபாளையம்னா முரடு"ன்னு இனத்தைச் சொல்லிட்டா நாயைப் புரிஞ்சுக்கிட்டதா நினைக்கிறோம். 2022-ல சயன்ஸ் இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களோட குணத்தைப் பத்தி வளர்க்கிறவங்ககிட்ட கேட்டு, அதுல ஒரு பகுதி நாய்களுக்கு மரபணுவையும் பார்த்தாங்க. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்துல இனத்தால விளக்க முடிஞ்சது சுமார் 9 சதவீதம்தான். மிச்சமெல்லாம் அந்தந்த நாயோட வளர்ப்பு, அனுபவம், வயசு, உடம்பு, அதுக்கே உரிய குணம்.

இனமே முக்கியமில்லைன்னு சொல்லல. ஆனா ஒரே இனத்துக்குள்ளயும் நாய்க்கு நாய் தேவை மாறும். சில உதாரணம் சொல்றேன்.

லேப்ரடார் எப்பப் பார்த்தாலும் பசியோட அலையும்னு கிண்டல் பண்ணுவோம். 2016-ல கேம்பிரிட்ஜ் ஆட்கள் கண்டுபிடிச்சது, சுமார் நாலுல ஒரு லேப்ரடாருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணுவுல (பிஓஎம்சின்னு பேரு) ஒரு துண்டு குறையுது. அந்த நாய்க்குப் பசி அதிகம். பேராசை இல்ல, உடம்பு நிஜமாவே "பசிக்குது"ன்னு சொல்லுது. பாவம்னு அள்ளிப் போட்டா குண்டாகி மூட்டு போயிடும். "அடச்சீ"ன்னு விரட்டினா அதுக்கு நாள் முழுக்க அவஸ்தை. அளவைக் கூட்டாம, அதே சாப்பாட்டை நாலா பிரிச்சுக் கொடுக்கலாம், தேடித் தின்ன வைக்கலாம். பக்கத்து வீட்டு லேப்ரடாருக்கு இது தேவையே இல்லாம இருக்கலாம்.

அடுத்தது நம்ம ராஜபாளையம். 2005-ல இந்தியத் தபால்துறை தபால்தலையே போட்டுப் பெருமைப்படுத்தின நாய். வெள்ளை வெளேர்னு, இளஞ்சிவப்பு மூக்கோட இருக்கும் அந்தக் குட்டிங்கள்ல பிறவியிலேயே காது கேக்காத குட்டிங்க வர்றதுண்டு. டால்மேஷியன்லயும் இதே கதைதான். உள்காதுல இருக்க வேண்டிய நிறமி செல்கள் இல்லாமப் போனா, பிறந்த கொஞ்ச வாரத்துலயே கேட்கும் திறன் அழிஞ்சுடும். இது தெரியாம வாங்கிட்டு வந்து, "கூப்பிட்டா வர்றதில்ல, திமிர் பிடிச்ச நாய்"னு அடிச்சா? தூங்கும்போது தொட்டு எழுப்பினா பதறிப்போய்க் கவ்வும். "முரட்டு இனம்"னு பட்டம் வேற. அந்த நாய்க்கு வேண்டியது கை ஜாடையும், தரையைத் தட்டி அதிர்வுல எழுப்புறதும்தான். குட்டி உங்களைப் பார்க்காதப்ப பின்னாடி நின்னு ஒரு சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. காது திரும்பலைன்னா டாக்டர்கிட்ட போங்க. ஒரு காது மட்டும் கேக்காத குட்டியை வீட்டுல கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதுக்கு டெஸ்ட் தனியா இருக்கு.

அப்புறம் பக். 2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்துக்கு அப்புறம் பட்டிதொட்டியெல்லாம் ஃபேமஸான நாய். நாய்க்கு வேர்வை பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வரும், உடம்புச் சூட்டை வெளியேத்துறது முக்கியமா மூச்சிரைப்புலதான். மூக்கே சப்பையா இருக்கிற நாய் எப்படிச் சரியா மூச்சிரைக்கும்? சென்னையில மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு அதைத் தார் ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்கு நெஞ்சு அடைக்குது. உங்க புறங்கையை ரோட்டுல அஞ்சு நொடி வெச்சுப் பாருங்க. உங்களால முடியலைன்னா அதாலயும் முடியாது. பனிக்காட்டு ஹஸ்கியை வேளச்சேரியில வளர்க்கிறவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பதிவு நீண்டுடும்.

தீபாவளியும் அப்படித்தான். ஒரு நாய் வெடிச்சத்தத்துல குறட்டை விட்டுத் தூங்கும். இன்னொண்ணு கட்டிலுக்கடியில நடுங்கிக்கிட்டு ரெண்டு நாள் தண்ணி குடிக்காது. "பழகட்டும்"னு அதை மொட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போறது பழக்கம் இல்ல, சித்திரவதை. அது ஒளிஞ்சிருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பக்கத்துல உட்கார்ந்து தடவிக் கொடுத்தா பயம் அதிகமாயிடும்னு சொல்றதும் கட்டுக்கதை. ரொம்ப மோசமா நடுங்குற நாய்க்கு டாக்டர் மருந்தே தருவார், முன்கூட்டியே கேளுங்க.

இந்த இடத்துல ஒருத்தர் கையைத் தூக்குவார்னு தெரியும். "அப்ப ராட்வைலர்? குழந்தையைக் குதறினதை மறந்துட்டியா?" மறக்கல. 2024 மே மாசம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதி பூங்காவுல ரெண்டு ராட்வைலர் நாய்ங்க 5 வயசுக் குழந்தையைக் கடிச்ச செய்தியைப் படிச்சு நானும்தான் பதறினேன். பெரிய தாடை பெரிய காயம் பண்ணும், அதுல விவாதமே இல்ல. அப்படிப்பட்ட நாயை வெச்சிருக்கிறவருக்குப் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெருசு. கயிறு, வாய்க்கூடு, பூட்டின கேட் எல்லாம் கட்டாயம் வேணும். ஆனா இனப் பட்டியல் போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறதைத்தான் ஏத்துக்க முடியல. அதே வருஷம் மார்ச்ல மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை போடச் சொல்லிக் கடிதம் அனுப்புச்சு, ஏப்ரல்ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. பட்டியல் வந்தாலும் போனாலும், எங்க ரெண்டாவது மாடி லேப்ரடார் எந்தப் பட்டியல்லயும் வராது. கடிச்சது அதுதான்.

இன்னொருத்தர், "மனுசனுக்கே நேரமில்ல, இதுல நாயோட மனசைப் படிக்கணுமா"ன்னு கேப்பார். நியாயமான கேள்வி. ஆணி புடுங்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வர்ற பொழப்புதான் எனக்கும். நேரமே இல்லைன்னா நாய் வாங்காதீங்க, அதுல எந்தக் கேவலமும் இல்ல. வாங்கியாச்சுன்னா, நான் சொல்றதுக்குத் தனியா நேரம் வேண்டாம். ஏற்கனவே செலவழிக்கிற நேரத்துலயே செய்யலாம்.

ஒண்ணு, தடவிக்கிட்டே இருக்காதீங்க. மூணு நொடி தடவிட்டுக் கையை எடுங்க. கிட்ட வந்து கையை முட்டினா இன்னும் வேணும்னு அர்த்தம். முகத்தைத் திருப்பினா போதும்னு அர்த்தம். குழந்தைங்களுக்கும் இதையே ஒரு விளையாட்டா சொல்லிக் கொடுங்க.

ரெண்டு, வாக்கிங் போறப்ப மோந்து பார்க்க விடுங்க. நமக்குப் பேப்பர் மாதிரி அதுக்கு அந்த லைட்டுக் கம்பம். 2019-ல வந்த ஒரு ஆய்வுல, ரெண்டு வாரம் தினமும் மோப்ப விளையாட்டு விளையாடின நாய்ங்க, எஜமான் காலோட ஒட்டி நடக்கப் பயிற்சி எடுத்த நாய்ங்களைவிட நம்பிக்கையோட நடந்துக்கிச்சு. இருபது நிமிஷ நடையில பத்து நிமிஷத்தை அதோட மூக்குக்கு விட்டுக் கொடுத்தா நமக்கு என்ன குறைஞ்சுடும்?

மூணு, நாயோட நடத்தை திடீர்னு மாறினா முதல்ல ட்ரெய்னருக்குப் போன் பண்ணாதீங்க, கால்நடை டாக்டருக்குப் பண்ணுங்க. காதுல சீழ், பல்லு வலி, மூட்டு வலி எல்லாமே "கோபக்கார நாய்" வேஷத்துல வரும்.

நாலு, வீட்டுல ஒரு மூலை அதோடதா இருக்கட்டும். அங்க போய்ப் படுத்தா யாரும் தொடக்கூடாது. சாப்பிடறப்பவும் தொடக்கூடாது. ரெண்டாவது மாடியில இப்ப இதுதான் சட்டம். நாய்க்கு வலி மாத்திரை, எடையும் குறைச்சாச்சு, ஹால்ல ஒரு தடுப்பு. பேத்தி பந்து போடும், அது எடுத்துட்டு வரும். யானை சவாரி மட்டும் கிடையாது.

அஞ்சு, உறுமினா நில்லுங்க. குழந்தையைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் ஏன் உறுமுச்சுன்னு யோசிங்க. உறுமலை அடக்கறதைப் பத்தி யோசிக்காதீங்க, காரணத்தைப் பத்தி யோசிங்க.

எல்லாத்தையும் மீறிக் கடிச்சுட்டா, வீட்டு நாயோ தெரு நாயோ, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். ரேபிஸ்ல சாகறவங்கள்ல சுமார் 40 சதவீதம் 15 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கடி வாங்கினதை வீட்டுல திட்டுவாங்கன்னு மறைக்கிறதும் குழந்தைங்கதான். அதனால அவங்களையும் திட்டாதீங்க.

தெருநாய் விவகாரம் தனிக் கடல். 2025-ல உச்ச நீதிமன்ற உத்தரவுகளுக்கு அப்புறம் நடக்கிற சண்டையில ரெண்டு பக்கமும் கேட்க வேண்டிய விஷயம் இருக்கு. அதைத் தனிப் பதிவா எழுதறேன், இங்க அரை வரியில சொன்னா கும்மிடுவீங்க.

உங்க வீட்டு நாய், இல்ல பக்கத்து வீட்டு நாய், "போதும்"னு எப்படிச் சொல்லும்? இன்னைக்குச் சாயங்காலம் பத்து நிமிஷம் கவனிச்சுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க மக்கா. கொட்டாவியா, மூக்கு நக்கலா, எழுந்து போறதா? ஒவ்வொருத்தர் நாயும் வேற வேற பதில் சொல்லும்னு நான் பந்தயம் கட்டறேன்.

பி.கு.: "எங்க நாய் எதுவுமே சொல்லாது, யார் என்ன பண்ணினாலும் பொறுத்துக்கும்"னு எழுதப் போறவங்க மட்டும், எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு பத்து நிமிஷம் பார்த்துடுங்க, ப்ளீஸ்.